பிறருக்காக என்று ஒன்று உண்டா, எல்லாம் தனக்காகத்தானா?

செக்காலைவாசி

நேராகவே கேட்டுவிடுகிறேன். தனக்கென்று எதுவும் எதிர்பாராமல், முழுக்க முழுக்க இன்னொருவருக்காக மட்டும் ஒரு மனிதன் எதையாவது செய்ய முடியுமா? முடியாது என்பது என் கட்சி. வம்புக்காகச் சொல்லவில்லை, வெகுநாள் யோசித்து வந்து சேர்ந்த இடம் இது.

நம் காரைக்குடிப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் திருப்பணி, ஊருணி, சத்திரம், வேத பாடசாலை, பள்ளிக்கூடம் என்று நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. காசியில்கூட நகரச் சத்திரம் இருக்கிறது. ஆனால் கொடுக்கல் வாங்கல் செய்தவர்களுக்குப் பணம் மட்டும் முதல் இல்லை, நாணயமும் முதல்தான். கோயிலுக்கு முறையாகக் கொடுக்கிற கடை என்று பெயர் எடுத்துவிட்டால் அந்தக் கடையின் உண்டியலை, அதாவது பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும் சீட்டை, முன்பின் தெரியாதவரும் நம்பி வாங்குவார். அப்படிப் பார்த்தால் கொடையும் தொழிலின் ஒரு செலவுதான். அது போகப் புண்ணியம், கல்வெட்டில் பெயர், கும்பாபிஷேகத்தில் மரியாதை. இவை எதுவுமே இல்லை என்றாலும் "நல்லது செய்தோம்" என்ற நிறைவு இருக்கிறது. அதுவும் வரவுதானே?

17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் ஒரு வயதான பிச்சைக்காரருக்குக் காசு போட்டாராம். மதக் கட்டளை இல்லாவிட்டாலும் போட்டிருப்பீர்களா என்று பக்கத்தில் நின்ற பாதிரியார் கேட்டிருக்கிறார். போட்டிருப்பேன், அவர் படும் பாட்டைப் பார்த்து எனக்கு வேதனை, காசு போட்டதில் அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல் என்று பதில் சொன்னதாக அவருடைய நண்பர் எழுதி வைத்திருக்கிறார். என் கட்சி அந்தப் பதிலுக்குள் முழுசாக இருக்கிறது.

மொய்யை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது நோட்டில் எழுதி வாங்கும் கடன், எல்லாருக்கும் தெரியும். மொய்யாக இல்லாத ஒரு கொடையைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பள்ளத்தூர் ஆச்சி

தம்பி, நாணயத்தைப் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் வரவில் ஒரு பங்கைக் கோயிலுக்கென்று ஒதுக்கும் மகமையை எப்படி எடுத்தார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

எங்கள் ஐயா மலேயாவில் கடை வைத்திருந்தவர். அவருடைய பேரேடுகளை நான் புரட்டிப் பார்த்திருக்கிறேன். சாமி பேரில் தனியாக ஒரு கணக்கு இருக்கும். வரவில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கு அந்தக் கணக்கில் ஏறிக்கொண்டே வரும். அந்தப் பணம் கடையிலேயே புரளும், அதற்கு வட்டியும் சாமிக்கே போகும். வருஷக் கடைசியில் லாபத்தைப் பார்த்து, மனசு வந்தால் எடுத்துக் கொடுப்பது இல்லை அது. வரவு, கடன் எல்லாம் கூட்டி ஐந்தொகை போடும்போது கடை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எப்படியோ, சாமிக்குக் கொடுக்க வேண்டியதும் அப்படித்தான். கொடுப்பவர் கையில் வந்து சேரும் முன்பே அது அவருடையதாக இல்லாமல் போய்விடுகிறது.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. அந்த மனிதர்கள் தங்கள் மனசையே நம்பவில்லை. இன்றைக்கு இரக்கம் வரும், நாளைக்கு வராது. விலை ஏறிய வருஷம் கை தாராளமாக நீளும், விழுந்த வருஷம் சுருங்கும். அப்படி ஆடிக்கொண்டே இருக்கும் மனசிடம் சத்திரத்துச் சோற்றை ஒப்படைக்கக் கூடாது என்று கணக்கில் கட்டிப்போட்டார்கள். உங்கள் கேள்வி கொடுக்கிற நேரத்தில் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதைப் பற்றியது. கொடுக்கிற நேரமே இல்லாமல் ஆக்கி வைத்த ஏற்பாட்டை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

செக்காலைவாசி

என் பக்கம்தான், ஆச்சி. கட்டிப்போட வேண்டியிருந்தது என்றாலே அவிழ்த்துவிட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்? ஏற்பாடு நல்லது, அதனால் ஊர் வாழ்ந்தது, சந்தேகமில்லை. பயன் நல்லதா என்பது வேறு கேள்வி. உந்துவது எது என்பதுதான் நான் கேட்பது.

பள்ளத்தூர் ஆச்சி

அவிழ்த்துவிட்டால் கொடுக்க மாட்டோமோ என்று பயந்து தன்னைத்தானே கட்டிக்கொண்டான் என்றால், கட்டிக்கொண்டபோது அவனை உந்தியது எது? அதையும் சொல்லுங்கள்.

கண்டனூர் மாணவி

நான் உளவியல் படிக்கிறேன். இந்தக் கேள்வி எங்கள் துறையில் ஆய்வுக்கூடம் வரைக்கும் போயிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அண்ணன் சொல்லும் நிறைவு. உதவி செய்தால் நிறைவு கிடைக்கிறது, ஆகவே நிறைவுக்காகத்தான் உதவுகிறார்கள் என்கிறார். நடுவில் ஒரு படி விட்டுப்போகிறது. ஒரு செயலால் எனக்கு ஒன்று கிடைக்கிறது என்பதும், அதற்காகத்தான் நான் அதைச் செய்தேன் என்பதும் ஒன்றல்ல. ஜோசப் பட்லர் என்ற பாதிரியார் 1726-லேயே ஹாப்ஸுக்கு எதிராக இதை எடுத்து வைத்தார். அந்தக் கிழவர் நன்றாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் ஏற்கெனவே இருந்தால்தான், அவர் நன்றாக இருப்பதைப் பார்த்து எனக்கு நிறைவு வரும். அவர் எப்படிப் போனால் என்ன என்று இருப்பவருக்குக் காசு போட்டாலும் எந்த நிறைவும் வராது. நிறைவு பின்னால் வருகிறது, அக்கறை முன்னால் நிற்கிறது.

சரி, அந்த அக்கறையே "இந்தக் காட்சியை என்னால் பார்க்க முடியவில்லை" என்ற என் வேதனைதானோ என்று கேட்கலாம். அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. உதவாமலே அந்த வேதனையிலிருந்து தப்பிக்க ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும். தன் வேதனை தீர வேண்டும் என்று மட்டும் நினைப்பவர் அந்த வாசல் வழியாகப் போய்விடுவார்.

டேனியல் பேட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1981-இல் வெளியிட்ட சோதனை இதைத்தான் செய்தது. கல்லூரி மாணவிகளை உட்கார வைத்து, எலைன் என்ற பெண் மின் அதிர்ச்சி வாங்குவதைத் திரையில் காட்டினார்கள். உண்மையில் அது முன்பே எடுத்த பதிவு, அவளுக்கு அதிர்ச்சி எதுவும் இல்லை, பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. இரண்டு சுற்று முடிந்ததும் அவளுக்குப் பதிலாக நீங்கள் உட்காருகிறீர்களா என்று கேட்டார்கள். சிலரிடம், இரண்டு சுற்று பார்த்தாயிற்று, வேண்டாமென்றால் எழுந்து போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் மறுத்தால் பத்துச் சுற்றையும் பார்த்தே ஆக வேண்டும். அது போக, எலைன் உங்களைப் போலவே எண்ணம் உள்ளவள் என்று பாதிப் பேரையும், வேறுபட்டவள் என்று மீதிப் பேரையும் நம்ப வைத்தார்கள்.

வேறுபட்டவள் என்று நினைத்தவர்களிடம் ஹாப்ஸ் ஜெயித்தார். எழுந்து போக முடியும் என்றால் 18 சதவீதம் பேர்தான் அவள் இடத்துக்கு வந்தார்கள், போக முடியாது என்றால் 64 சதவீதம். தன்னைப் போன்றவள் என்று நினைத்தவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. போக முடியாதபோது 82 சதவீதம், கதவு திறந்திருந்தபோதும் 91 சதவீதம். போகலாம் என்று தெரிந்தும் போகாமல், அதிர்ச்சியைத் தாங்கள் வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள்.

சின்னக் கூட்டம், ஒரு வகைக்குப் பதினொரு பேர்தான். ஆனால் பேட்சன் அதன் பிறகும் பல வருஷம் எதிர்வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். ராபர்ட் சியால்டினி போன்ற உளவியலாளர்கள் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. அவளில் தன்னையே பார்த்ததால்தான் உதவினார்கள், அதனால் அதுவும் தனக்காகத்தான் என்றார்கள். அது எனக்குப் பலவீனமான வாதமாகத் தெரிகிறது. அதிர்ச்சி யார் கையில் ஏறப்போகிறது என்பதில் அந்த மாணவிகளுக்கு ஒரு குழப்பமும் இல்லை.

தேவகோட்டை–சிங்கப்பூர்

நல்ல பதிவு, தங்கச்சி. ஆனால் அந்த எண்களில் என்னை உறுத்துவது வேறு. நம்மைப் போன்றவள் என்றால் 91, இல்லையென்றால் 18. இதுதான் விஷயமே என்று நினைக்கிறேன்.

நானும் இந்த மண்தான், என் முன்னோரும் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்கள்தான். அதனால் வெளியாள் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐராவதி டெல்டாவில் காட்டை அழித்து நெல் போட்ட விவசாயிகளுக்கு நம் கடைகள் கடன் கொடுத்தன. வெள்ளைக்காரன் வங்கி எட்டிக்கூடப் பார்க்காத இடம் அது. அந்தக் கடன் இல்லாமல் அந்த நெல் இல்லை. இதை நான் பெருமையாகவே சொல்வேன். ஆனால் 1930-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, அடமானம் வைத்த நிலம் நம் கைக்கு வந்தது. 13 முக்கிய நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் 1930-இல் செட்டியார் கடைகளிடம் இருந்தது சுமார் 6 சதவீதம். 1938-இல் சுமார் 25 சதவீதம். யாரும் திட்டம் போட்டுப் பிடுங்கவில்லை, நிலத்தைவிடப் பணமாக வந்தால்தான் கடைக்கும் நல்லது. இருந்தாலும் நிலம் போனவனுக்கு அந்த விளக்கம் சோறு போடாது.

அதே வருஷங்களில் இங்கே கோயிலுக்குக் கருங்கல் ஏறிக்கொண்டிருந்தது, அன்னதானம் நடந்தது. கொடுத்தவர்கள் மனசாரக் கொடுத்தார்கள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அந்தக் கொடை பர்மிய விவசாயியின் களத்துமேடு வரைக்கும் போனதா? அவர் "நம்மைப் போன்றவர்" பட்டியலில் இல்லை. சொந்த ஊருக்கு அள்ளிக் கொடுத்த அதே கை அங்கே தவணையில் ஒரு காசு விடவில்லை.

எனவே சுயநலமா பொதுநலமா என்று இரண்டாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. யார் வரைக்கும் போகிறது என்று கேட்க வேண்டும். குடும்பம், கோயில், புள்ளி என்று நாம் எண்ணும் நகரத்தார் குடும்பங்கள், ஊர், அதற்கப்பால் யார்? 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது நம்மவர்களும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காட்டுவழியாக நடந்தே ஊர் திரும்பினார்கள். 1948-இல் பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கிச் சட்டம் போட்டது. அந்த இழப்பை இன்றைக்கும் வீட்டுக்கு வீடு பேசுகிறோம். அந்த பர்மிய விவசாயிகள் இழந்ததைப் பேசுகிற வீடு ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

பள்ளத்தூர் ஆச்சி

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை. உண்மைதான். எங்கள் வீட்டிலும் பேசியதில்லை.

ஆனால் நீங்கள் சொன்ன "நம்மைப் போன்றவர்" வட்டம் தாண்டியவர்களும் இதே ஊரில் இருந்தார்கள். கோட்டையூர்த் தொழிலதிபர் அழகப்பச் செட்டியாரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1947-இல் சென்னையில் ஒரு கூட்டம். வசதி படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் கேட்டுக்கொண்டார். அந்த மேடையிலேயே எழுந்து காரைக்குடியில் தொடங்குகிறேன் என்றார் அழகப்பர். அடுத்த மாதமே கல்லூரி நடந்தது. மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கே கொண்டுவர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். அந்தக் காலமெல்லாம் தொழுநோய் அவர் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. 1957-இல் போனபோது வயது 48 நிறையவில்லை.

அந்தக் கல்லூரி ஒரு சாதிக்கோ ஒரு கோயிலுக்கோ கட்டியதில்லை. சுற்றுக் கிராமத்து விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகளும் அதில் படித்து மேலே வந்தார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்த வழியாகப் போனவர்கள். பெயர் வேண்டுமென்று கொடுத்தார் என்று செக்காலைத் தம்பி சொல்வார். பெயருக்கு ஒரு கோபுரம் போதாதா? இருக்கிற வீட்டை ஏன் கொடுக்க வேண்டும்?

பறம்படிவாரம்

பிரான்மலைக்காரன் பேசாமல் இருக்க முடியுமா? முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியின் பறம்பு எங்கள் மலைதான். ஆனால் நான் சொல்ல வந்தது பாரியை அல்ல, இன்னொரு சங்ககால வள்ளலான ஆயை.

புறநானூறு 134-ஆம் பாட்டில் புலவர் முடமோசியார் சொல்கிறார்:

இம்மைச் செய்தது மறுமைக்கு ஆம்எனும்
அறவிலை வணிகன் ஆஅய் அல்லன்
பிறரும் சான்றோர் சென்ற நெறியென
ஆங்குப் பட்டன்று அவன் கைவண்மையே

இந்தப் பிறவியில் செய்தால் அடுத்த பிறவியில் பலன் வரும் என்று அறத்தை விலைபேசுகிற வணிகன் இல்லை ஆய். சான்றோர் போன வழி இது, அதனால் தானும் அதில் போகிறான், அவ்வளவுதான் என்கிறார். செக்காலை நண்பர் கேட்கிற கேள்வி அன்றைக்கே இருந்திருக்கிறது. அதற்குக் கிடைத்த பதிலைத்தான் கவனிக்க வேண்டும். இரக்கத்தால் கொடுத்தான் என்றோ கொடுத்ததில் மகிழ்ந்தான் என்றோ புலவர் சொல்லவில்லை. வழி அது, நடந்தான். ஆச்சி சொன்ன மகமையும் இந்த வகைதான். வணிகர்களிடமே விலைபேசாத அறம் இருந்திருக்கிறது என்றால் அது எனக்குப் பெரிய விஷயம்.

செக்காலைவாசி

பாடிய புலவருக்குப் பரிசில் கிடைத்தது, பாடப்பட்டவர் பெயர் இரண்டாயிரம் வருஷம் நிற்கிறது. புலவர் வாக்கை மட்டும் வைத்து உந்துதலை முடிவு செய்ய முடியாது.

இதற்கு அடியில் உயிரியல் இருக்கிறது. ரத்த உறவுக்காக ஓர் உயிர் தன்னை இழப்பது எப்போது பரம்பரைக்கு லாபம் என்று 1964-இல் உயிரியலாளர் ஹாமில்டன் கணக்குப் போட்டுக் காட்டினார். உறவில்லாதவருக்கு உதவுவதும் திரும்பக் கிடைக்கும் இடத்தில் நிலைக்கும் என்று 1971-இல் இன்னொரு உயிரியலாளர் டிரிவர்ஸ் விளக்கினார். சொந்தத்துக்குச் செய்வது, மொய் வைப்பது, இரண்டுக்கும் அறிவியல் காரணம் வந்துவிட்டது. தேவகோட்டை நண்பர் சொன்ன வட்டமும் இதிலிருந்து பிறப்பதுதான். தங்கச்சி காட்டிய 91 சதவீதமும் அந்தப் பழைய கருவி இன்றைக்கு ஓடுகிற ஓட்டம்.

கண்டனூர் மாணவி

அண்ணே, அந்தக் குணம் ஏன் மனிதரிடம் நிலைத்தது என்பதற்கு அது விளக்கம். குணம் உள்ளவர் மனசில் என்ன நினைக்கிறார் என்பது தனி. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய் மரபணுவை நினைத்துக் கொடுக்கவில்லை. பரம்பரைக்கு லாபமான ஒரு குணம், முழுக்கப் பிறர்மேல் அக்கறையாகவே மனசுக்குள் இருக்கலாம்.

ஜார்ஜ் பிரைஸ் என்று ஒருவர், ஹாமில்டனின் கணக்கை இன்னும் பொதுவாக்கிச் சமன்பாடு எழுதியவர். பிற்பாடு லண்டனில் வீடில்லாதவர்களுக்குத் தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்து, தங்குவதற்கும் இடமில்லாமல் போய், 1975-இல் தற்கொலை செய்துகொண்டார். அவர் வாழ்க்கையை உதாரணமாகக் காட்ட எனக்கு மனசில்லை, அவர் மனநிலையும் சரியாக இல்லை. ஆனால் உங்கள் சமன்பாட்டை எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்தவருக்கு அந்தப் பதில் போதவில்லை.

இன்னொன்று. 2008-இல் வார்னெகன், டோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் இருபது மாதக் குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். கீழே விழுந்த பொருளை எட்டமுடியாமல் தவிப்பவருக்குக் குழந்தைகள் தாமாகவே எடுத்துக் கொடுத்தன. அப்படிச் செய்ததற்குப் பொருளாகப் பரிசு பெற்ற குழந்தைகள் பிறகு உதவுவது குறைந்தது. வெறும் பரிசுக்கான வேலை என்றால் கூடியிருக்க வேண்டும்.

ஆத்தங்குடி செவிலி

மதுரையில் ஒரு மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இவ்வளவு படித்தவர்கள் நடுவில் எழுதத் தயக்கம்தான், ஆனாலும் நான் பார்ப்பதைச் சொல்கிறேன்.

மூளைச்சாவு ஆனவர்களின் குடும்பத்திடம் உறுப்பு தானத்துக்குச் சம்மதம் கேட்கும்போது பக்கத்தில் இருப்பேன். பெரும்பாலும் விபத்து, பெரும்பாலும் இளவயது. நான்கு மருத்துவர்கள் சேர்ந்து சோதித்து, ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் சோதித்து உறுதி செய்வார்கள். சம்மதித்தால் அந்தக் குடும்பத்துக்கு வேலை முடிவதில்லை. இன்னும் காத்திருக்க வேண்டும். யாருக்குப் பொருந்தும் என்று பார்க்க வேண்டும், வேறு ஊர்களிலிருந்து மருத்துவக் குழு வரவேண்டும், அறுவை நடக்க வேண்டும், விபத்து என்றால் பிரேதப் பரிசோதனையும் உண்டு. ஊரில் பந்தல் போட்டுச் சொந்தமெல்லாம் காத்திருக்கும். இவர்கள் வராண்டாவில் உட்கார்ந்திருப்பார்கள். யாருக்குப் போகிறது என்று சொல்லமாட்டோம். பணம் கிடையாது, 1994-ஆம் வருஷச் சட்டப்படி பணம் வாங்குவது குற்றம்.

தங்கச்சி சொன்ன திறந்த கதவு இங்கே எப்போதும் திறந்தே இருக்கிறது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா, கூலி வேலை செய்பவர், படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பிள்ளை பொழைச்சுக்கிருமா?" முகம் தெரியாத, பெயர் தெரியாத யாரோ ஒரு பிள்ளை. தன் பிள்ளை பிழைக்கவில்லை என்று தெரிந்து அரைநாள்கூட ஆகவில்லை. நிறைவு, ஆறுதல் என்று இங்கே எழுதியிருக்கிறீர்கள். அந்த அம்மா முகத்தில் அப்போது அப்படி எதையும் நான் பார்க்கவில்லை. அவர் கேட்டது மட்டும் மனசில் இருக்கிறது.

செக்காலைவாசி

அந்த அம்மாவைச் சுயநலம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒரு கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். 2023-இல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. மரியாதை தேவைப்படுகிறது என்றால் உந்துதல் போதவில்லை என்றுதானே பொருள்? அப்புறம், மறுப்பவர்களை என்னவென்று சொல்வீர்கள்?

ஆத்தங்குடி செவிலி

மரியாதைக்காகச் சம்மதித்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பல பேருக்குக் கையெழுத்துப் போடும்வரை அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதிகாரி வந்து மாலை வைக்கும்போது ஊர் கூடி நிற்கும். அந்த வீட்டைப் பார்த்து, "காசு வாங்கிக்கொண்டு பிள்ளையைக் கூறுபோட்டார்கள்" என்று பேசுகிறவர்களின் வாய் அடைபடும். கொடுத்தவர்களுக்கு அது கூலி என்று எனக்குத் தோன்றவில்லை, ஒரு காவல்.

மறுப்பவர்கள் சுயநலக்காரர்கள் இல்லை, அண்ணே. நெஞ்சு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும், தொட்டால் உடம்பு சூடாக இருக்கும். செத்துவிட்டான் என்று எந்தத் தாய் உடனே நம்புவாள்? குறை உடம்போடு அனுப்பினால் அடுத்த பிறவியிலும் குறையோடு பிறப்பானோ என்று பயப்படுவார்கள். சில வீட்டில் மனைவி சம்மதிப்பார், பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அவர்களை மீறி அந்தப் பெண்ணால் எதுவும் செய்ய முடியாது. மறுத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, தப்புப் பண்ணிட்டோமாம்மா என்று கேட்டவர்களும் உண்டு. தப்பில்லை என்றுதான் சொல்வேன்.

இங்கே படிக்கிற எல்லாருக்கும் ஒரு விவரம். உறுதிமொழி அட்டை எடுத்து வைத்திருந்தாலும், அந்த நேரத்தில் குடும்பம் சம்மதித்தால்தான் நடக்கும். "அவனுக்கு இதில் விருப்பம் இருந்ததா?" என்பதுதான் அந்த அறையில் சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் முதலில் கேட்டுக்கொள்வது. பெரும்பாலும் யாருக்கும் பதில் தெரிவதில்லை. விருப்பம் இருப்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசி வையுங்கள்.